கேளுங்கோ, சொல்லுறன்: வீட்டு மேசையில ஒரு சஞ்சிகை

போன மாசம் இந்தப் பக்கத்தில கடைசியா ஒரு வரி வாயைக் குடுத்திட்டன், "ஊருக்கொரு குட்டிச் சஞ்சிகை வேணும், ஆர் துவங்கப் போறியள்" எண்டு. அவ்வளவுதான், இந்த மாசம் வந்த கடிதம், வட்ஸ்அப் எல்லாத்திலயும் பாதிக்கு மேல அதுதான் கேள்வி. சமையல் கேள்வி, மாமி மருமகள் கேள்வி எல்லாம் அடுத்த மாசத்துக்குத் தள்ளியாச்சு, கோவிக்காதேங்கோ.

கேள்வி: அக்கா, நான் ஏ.எல் முடிச்சிட்டு ஒரு கடையில ரைப்செற்றிங் செய்யிறன். எங்கட பக்கத்துக் கோயில், பள்ளிக்கூடம், பழைய ஆக்களின்ர கதை, ஆர் ஆருக்கு என்ன சோதனையில என்ன ரிசல்ட், எல்லாம் போட்டு மாசம் ஒருக்கா வீட்டில இருந்தே ஒரு சஞ்சிகை செய்ய ஆசை. கனடா அண்ணா ரெண்டு லட்சம் தாறன் எண்டுறார். அப்பா என்னடா எண்டா "உது விசர் வேலை, பேப்பரே சனம் வாசிக்கிறேல்ல, உதை ஆர் வாங்கப் போகினம்" எண்டுறார். துவங்கவோ விடவோ? (ஒரு வாசகி, கோண்டாவில்)

பதில்: துவங்குங்கோ தங்கச்சி. ஆனா அப்பா சொன்னதில பாதி சரி, அதையும் காதில போட்டுக்கொண்டு துவங்குங்கோ.

முதல் வேலை, அண்ணாவின்ர ரெண்டு லட்சத்தை மூண்டாப் பிரிச்சு மூண்டு கவருக்குள்ள வையுங்கோ, ஒரு இதழுக்கு ஒரு கவர். ஏன் சொல்லுறன் எண்டா முதல் இதழை எல்லாரும் வாங்குவினம், மாமா, சித்தி, படிப்பிச்ச ரீச்சர், முன்வீட்டு அன்ரி, "பிள்ளை ஏதோ செய்யுது" எண்டு ஒரு ஆசையில வாங்கிறது. ரெண்டாவது இதழுக்கு அவையில பாதிப்பேர் படலைக்கே வராயினம். மூண்டாவது இதழ்லதான் உங்கட உண்மையான வாசகர் ஆர் எண்டு தெரியும், அந்த நேரம் கையில காசில்லாமல் நிண்டா எல்லாம் போச்சு.

இனிக் கணக்கு. இது விளங்கிறதுக்கு நான் போடுற உதாரணம், உங்கட பிறெஸ்காரர் சொல்லுற விலையைப் போட்டு நீங்களே திருப்பிப் பாருங்கோ. 500 பிரதி, ஒண்டுக்கு அச்சுச் செலவு 120 ரூபா எண்டு வைச்சா 60,000. விலை 200 எண்டு போடுறியள். கடைக்காரருக்கு நூற்றுக்கு 25 கழிவு, அது 50 ரூபா, உங்கட கைக்கு 150. 500ல 300 வித்தா நல்ல விற்பனை எண்டுதான் நான் சொல்லுவன், அதுக்கு வாறது 45,000. பாத்தியளோ, நல்லா வித்தும் 15,000 நட்டம், பெற்றோல் கணக்குப் பாக்கேல்ல, உங்கட நித்திரை முழிப்புக்குக் கூலி போடேல்ல. இந்த ஓட்டையை விளம்பரத்தாலதான் அடைக்கலாம், வேற வழி இல்லை. பின்னட்டை, உள்ளட்டை ரெண்டு, உள்ளுக்க நாலு அரைப்பக்கம், இவ்வளவும் நிரம்பினாத்தான் மூச்சு விடலாம்.

விளம்பரம் பிடிக்கிறது அப்பிடி ஒண்டும் கஷ்டமில்லை, யாழ்ப்பாணத்தில ரியூட்டரிக்காரர் இருக்கும் வரைக்கும் விளம்பரத்துக்குப் பஞ்சமில்லை. கலியாண மண்டபம், சாறிக்கடை, பேக்கரி, கண்ணாடிக்கடை, காணி விக்கிறவை, எல்லாரும் "போடுங்கோ தங்கச்சி" எண்டுதான் சொல்லுவினம். பாடு எங்க எண்டா காசு வாங்கிறதில. "முதலாளி இல்லை, வெள்ளிக்கிழமை வாங்கோ." வெள்ளிக்கிழமை போனா "கோயிலுக்குப் போட்டார்." பேந்து போனா "புத்தகத்தில எங்கட நம்பர் வடிவாத் தெரியேல்லையே" எண்டு ஒரு குறை கண்டுபிடிச்சு வைச்சிருப்பினம். நான் இதைச் சும்மா சொல்லேல்ல. 2014ல நானும் ஒண்டு துவங்கி 11 இதழோட நிப்பாட்டினனான், நிப்பாட்டேக்க எனக்கு வர இருந்த காசு, நான் பிறெஸ்சுக்குக் குடுக்க இருந்த காசிலும் கூட. எழுத ஆளில்லாமலோ வாசிக்க ஆளில்லாமலோ அது நிக்கேல்ல, கடை கடையா ஏறி இறங்க என்ர கால் ஏலாமல் போய்த்தான் நிண்டது. அதால விளம்பரக் காசில பாதி முதலே வாங்குங்கோ, ஒரு பற்றுச்சீட்டுப் புத்தகம் அடிச்சு வைச்சு அந்த இடத்திலேயே எழுதிக் கிழிச்சுக் குடுங்கோ. சீட்டுப் புத்தகத்தைக் கண்டா மனிசருக்கு ஒரு மரியாதை வரும், கொப்பியில குறிச்சா வராது, ஏனெண்டு எனக்கும் தெரியேல்ல.

அடுத்தது, வலிகாமம் முழுக்க விக்கிறன் எண்டு நிக்காதேங்கோ. கோண்டாவில், கொக்குவில், திருநெல்வேலி, இவ்வளவும் காணும். ஒரு பின்னேரம் ஸ்கூட்டியில சுத்தி முடிக்கக்கூடிய அளவுதான் உங்கட ராச்சியம். பருத்தித்துறைக் கடையில பத்துப் பிரதி வைச்சிட்டு வந்தா அந்தப் பத்தின்ர காசு எடுக்கப் போற பெற்றோலுக்கே அது பத்தாது. விக்காத பிரதியைக் கட்டாயம் திருப்பி எடுங்கோ, விட்டா கடையில வடை சுத்துவினம்.

டொமினிக் ஜீவாவை யோசிச்சுப் பாருங்கோ. 1966ல மல்லிகை எண்ட இலக்கியச் சஞ்சிகையைத் துவங்கேக்க அந்தாளுக்கு ஒரு ஒஃபிஸ் இருக்கேல்ல, கஸ்தூரியார் வீதியில இருந்த சலூன்தான் எல்லாம். எழுதினவரும் கொண்டு திரிஞ்சு வித்தவரும் அவர்தான், பைக்குள்ள புத்தகத்தோட றோட்டில நிண்டு ஆளைக் கண்டா நீட்டுவார், வாங்காமல் போறது கஷ்டம். அப்பிடித்தான் அது நானூறு இதழையும் தாண்டிப் போனது. சிறுகதை வடிவா எழுதுறவை எங்கட ஊரில கனபேர் இருக்கினம், ஆனா பையைத் தோளில போட்டுக்கொண்டு நடக்கிறவை குறைவு. இப்பவும் பாருங்கோ, வடமராட்சியில அல்வாயில இருந்து 2007ல துவங்கின ஜீவநதி எண்ட சஞ்சிகை வந்துகொண்டுதானே இருக்கு, அதுவும் பெரிய கொம்பனி ஒண்டும் வைச்சுச் செய்யிறேல்லை.

அப்பாவை என்ன செய்யிறது எண்டு கேக்கேல்ல நீங்கள், எண்டாலும் சொல்லுறன். பழைய ஆக்களின்ர கதை போடுறன் எண்டியள்தானே, முதல் இதழில அப்பாவிட்டயே ஒண்டு கேட்டு எழுதுங்கோ. பேந்து அவரே நாலு பேருக்குக் காட்டித் திரிவார்.

கேள்வி: எத்தினை பக்கம் வைக்கிறது? வீட்டுப் பிறிண்டரிலேயே அடிக்கலாமோ? பிறெஸ்சுக்குப் போனா அவை சொல்லுறது ஒண்டும் விளங்குதில்லை. (வாசகர், நெல்லியடி)

பதில்: வீட்டுப் பிறிண்டரில 30, 40 பிரதி அடிக்கலாம், அதுக்கு மேல போனா மை வாங்கிற காசில பிறெஸ்சிலேயே அடிச்சிருக்கலாம் எண்டு வரும்.

பக்கம் எப்பவும் நாலின்ர பெருக்கமா இருக்கோணும், 16, 20, 24, 32 எண்டு. ஒரு தாளை எடுத்து நடுவால மடிச்சுப் பாருங்கோ, நாலு பக்கம் வரும், அவ்வளவுதான் விசயம். நடுவில பின் அடிக்கிற புத்தகத்துக்கு 22 பக்கம் எண்டு போய் நிண்டா பிறெஸ்காரர் சிரிப்பார், பேந்து ரெண்டு பக்கத்துக்கு அவசரமா கவிதை தேடோணும் (கவிதைக்குத் தட்டுப்பாடு வராது, அதுக்குப் பயப்பிடாதேங்கோ, நீங்கள் சஞ்சிகை துவங்கிறியள் எண்டு மணந்தாலே ஒரு சாக்குக் கவிதை வந்து சேரும்).

அச்சு ரெண்டு வகை. டிஜிட்டல் எண்டா போட்டோக்கொப்பி மாதிரி, ஒரு பிரதிக்கு என்ன விலையோ அதுதான், நூறு அடிச்சா என்ன இருநூறு அடிச்சா என்ன பெரிசாக் குறையாது. ஓப்செற் எண்டா முதல்ல பிளேற் எடுக்கோணும், மெசின் செற் பண்ணோணும், அந்தச் செலவு நீங்கள் நூறு அடிச்சாலும் ஆயிரம் அடிச்சாலும் ஒண்டுதான், அதால எண்ணிக்கை கூடக் கூட ஒரு பிரதியின்ர விலை இறங்கும். இதிலதான் கனபேர் விழுறது. "500 அடிச்சா இவ்வளவு, இன்னும் கொஞ்சக் காசு போட்டா 1000 அடிக்கலாம் அக்கா" எண்டு பிறெஸ்காரர் சொல்லுவார், மலிவுதானே எண்டு நாங்களும் தலையாட்டுவம், பேந்து அந்த மற்ற 500ம் கட்டிலுக்குக் கீழ கிடக்கும். அட்டை மட்டும் கலர், உள்ளுக்கு கறுப்பு வெள்ளை, இதுதான் துவக்கத்துக்கு அளவான செலவு.

பேப்பர் விலையை மாசா மாசம் கேளுங்கோ. 2022ல பட்ட பாடு மறக்கேலாது, பேப்பர் இல்லையெண்டு மேல் மாகாணத்தில பள்ளிக்கூடச் சோதனையையே தள்ளி வைச்சவை. அதுக்கு முந்தி, தொண்ணூறுகளில பொருளாதாரத் தடை நேரம், எங்கட தினசரிப் பேப்பர் கோடு போட்ட கொப்பித்தாளில வந்ததெல்லாம் என்ர வயசுக்காரருக்குத் தெரியும். எழுத்துக்கு நடுவால நீலக்கோடு ஓடும், அதையும் வரி வரியா வாசிச்சனாங்கள்.

போட்டோ விசயம் ஒண்டு. ஆக்கள் வட்ஸ்அப்பில போட்டோ அனுப்புவினம், அது வரேக்கயே சுருங்கித்தான் வரும், போனில வடிவா இருக்கும், அச்சில முகம் கரைஞ்ச மாதிரி வரும். டொக்குமென்றா அனுப்பச் சொல்லுங்கோ, அப்பதான் முழுசா வரும். மற்றது போனில பாக்கிற கலர் அச்சில அப்பிடியே வராது, பளிச்செண்டு இருக்கிற பச்சை, நீலம் எல்லாம் கொஞ்சம் மங்கும். அட்டைக்கு ஒரு பிரதி அடிச்சுப் பாத்திட்டு ஓம் எண்டு சொல்லுங்கோ.

இன்னும் ஒண்டு, எங்கட ஊருக்கு மட்டும் உரிய கஷ்டம். இஞ்சத்தப் பிறெஸ்சுக்குக் கல்வெட்டு வேலைதான் சோறு, கல்வெட்டு எண்டா செத்த ஆளின்ர நினைவுக்கு 31ம் நாள் குடுக்கிற புத்தகம். அப்பிடி ஒண்டு வந்திட்டா உங்கட சஞ்சிகை ஓரமாப் போய்டும், அதில ஒண்டும் பிழை சொல்லேலாது, 31 தள்ளிப் போகாது, உங்கட இதழ் தள்ளிப் போகலாம். நான் ஒருக்கா நல்லூர்த் திருவிழாவுக்குச் சிறப்பிதழ் போட்டன், தேருக்கு முதல் நாள் தாறன் எண்டவை, அந்தக் கிழமை ரெண்டு கல்வெட்டு வந்து விழுந்திட்டுது. தேரும் போய், தீர்த்தமும் முடிஞ்சு, கடலைக்கடைக்காரரும் மூட்டை கட்டினாப் பிறகு என்ர "நல்லூர்ச் சிறப்பிதழ்" வந்து சேர்ந்தது. 25 நாள் திருவிழாவில ஒரு நாளுக்காவது பிடிச்சிருக்கலாம்! அதால எந்த விசேசத்துக்கும் பத்து நாள் முந்தி முடிச்சுக் குடுங்கோ. அதோட சேர்த்து, நீங்களும் கல்வெட்டு வேலை பிடியுங்கோ. உங்கட சஞ்சிகையில பக்கம் வடிவா இருந்தா அதைப் பாத்திட்டே வருவினம். என்ர 11 இதழில ஒரு சதமும் மிஞ்சேல்ல, ஆனா அதைப் பாத்திட்டு வந்த கல்வெட்டு வேலையிலதான் கொம்பியூட்டர் வாங்கின கடனைக் கட்டி முடிச்சனான்.

கேள்வி: டிசைன் செய்யிற தம்பி "யூனிகோட் வேண்டாம், பாமினியில ரைப் பண்ணித் தாங்கோ" எண்டுறான். நாங்கள் போனில யூனிகோட்டிலதான் எழுதுறது. என்ன செய்ய? (வாசகி, சுன்னாகம்)

பதில்: தம்பியில பிழை இல்லை, இஞ்ச கனபேர் பாமினியில பழகின கை, அது ஆங்கில எழுத்தின்ர இடத்தில தமிழ் எழுத்தை வைச்ச பழைய எழுத்துரு. யூனிகோட்டை பாமினிக்கு மாத்திற வசதி இன்ரநெற்றில சும்மா கிடக்கு, ஒரு நிமிச வேலை. ஆனா மாத்தினாப் பிறகு ஒருக்கா கண்ணால வாசியுங்கோ, அங்கதான் பேய் இருக்கு. பாமினி எழுத்துருவில ஆங்கில எழுத்து கிடந்தா அது தமிழ் எழுத்தா மாறிடும். என்ர அஞ்சாவது இதழ் பின்னட்டையில ஒரு கடையின்ர வெப்சைட் முகவரி துவங்கிற "www", "றறற" எண்டு அச்சாகி வந்தது. கலர்ல. பெரிசா. கடைக்காரர் நல்ல மனிசன், "தங்கச்சி, நாங்கள் றறற எண்டு ஒண்டும் விக்கிறேல்லையே" எண்டு கேட்டார். சிரிச்சுக்கொண்டுதான் கேட்டவர், காசு மட்டும் தரேல்ல, நான் கேக்கவும் இல்லை.

புதுசா இன்டிசைன் எண்ட பக்கம் அமைக்கிற மென்பொருள் பாவிக்கிற ஆள் எண்டா யூனிகோட்டிலேயே செய்யலாம், பந்தி அமைப்பில வேர்ல்ட் ரெடி கொம்போசர் எண்டதைத் தெரிவு செய்யோணும், செய்யாட்டி கொம்பு ஒரு பக்கம் எழுத்து ஒரு பக்கமாப் பிரிஞ்சு நிக்கும். கனபேர் அதைத் தெரியாமல்தான் "யூனிகோட் உடையும்" எண்டு சொல்லிக்கொண்டு திரியினம். யூனிகோட்டில வைச்சிருந்தா நாளைக்குப் பேஸ்புக்கில போடவும் தேடி எடுக்கவும் லேசு.

புறூவ், அதுதான் அச்சுக்கு முதல் பிழை திருத்திற பிரதி, அதை மட்டும் எழுதின ஆளே பாக்கக்கூடாது. வீட்டில அம்மாவிட்ட குடுங்கோ, நாங்கள் பத்துத்தரம் பாத்தும் காணாத பிழையை அவ தேத்தண்ணி குடிச்சுக்கொண்டே காட்டுவா.

கேள்வி: இதுக்கெல்லாம் பதிவு வேணுமோ? சும்மா அடிச்சு விக்கேலாதோ? (வாசகர், மானிப்பாய்)

பதில்: உங்கட ஊரில இருந்து இந்தக் கேள்வி வாறது நல்ல பொருத்தம், அமெரிக்க மிசன்காரர் அச்சுக்கூடம் வைச்சிருந்த ஊரெல்லோ. பத்திரிகைகள் கட்டளைச் சட்டம் எண்டு ஒண்டு 1839ல வந்தது, ரெண்டு வருசத்தால 1841ல உதயதாரகைப் பத்திரிகை வந்திட்டுது. அந்தப் பழைய சட்டம் இண்டைக்கும் இருக்கு. ஒழுங்கா வாற பத்திரிகை எண்டா தேசிய சுவடிகள் திணைக்களத்தில பதியிறது, அச்சடிக்கிற ஆள் அடிச்சதில பிரதி அங்க குடுக்கிறது, இதெல்லாம் நடைமுறை. கனகாலமா இருக்கிற பிறெஸ்காரருக்கு இது தெரியும், அவரைக் கேட்டாலே படிவம் முதற்கொண்டு சொல்லுவார். வியாபாரப் பெயர் பதியிறதெண்டா முதல்ல விதானையார் (கிராம அலுவலர்), பேந்து பிரதேச செயலகம். சஞ்சிகையின்ர பேரில வங்கிக் கணக்குத் திறக்க அந்தப் பதிவு தேவைப்படும், ஆனபடியா அதை முதல் மாசமே செய்யுங்கோ. விளம்பரக்காரர் செக் எழுதேக்க உங்கட பேரில எழுதினா வீட்டுக்காசோட கலந்து போய்டும், பேந்து எது மீன் வாங்கின காசு எது பேப்பர் வாங்கின காசு எண்டே தெரியாது.

கேள்வி: ஊர் வம்பு போட்டா பறந்து விக்கும்தானே அக்கா? (பேர் போடாதேங்கோ, சாவகச்சேரி)

பதில்: ஒரு இதழ் விக்கும். ரெண்டாவது இதழுக்கு லோயர் நோட்டீஸ் வரும். அவதூறுக்குச் சிறை எண்ட சட்டத்தை 2002ல எடுத்திட்டினம், ஆனா நட்டஈடு கேட்டு வழக்குப் போடலாம், அது அப்பிடியே இருக்கு. கூகிள்ல, மற்ற ஆக்களின்ர பேஸ்புக்கில இருந்து போட்டோ உருவிறதும் அப்பிடித்தான், 2003ல வந்த புலமைச் சொத்துச் சட்டத்தைக் காட்டினா உங்களிட்ட மறுமொழி இருக்காது. தம்பி, உங்கட பேரைப் போடேல்ல, சந்தோசமோ?

கேள்வி: நாங்கள் ரொறொன்ரோவில இருக்கிறம். ஏன் இந்தப் பேப்பர்ச் செலவு? பிடிஎப் ஆக்கி வட்ஸ்அப்பில விட்டா உலகம் முழுக்கப் போகுமே, நாங்களும் காசு தருவம். (முன்னாள் இணுவில்காரர்)

பதில்: போகும் அண்ணை, உலகம் முழுக்கப் போகும், காசு மட்டும் திரும்பி வராது. ஒருத்தர் வாங்கினா ஊர்ச்சங்கக் குறூப்பில போடுவார், அங்க இருந்து இன்னும் நாலு குறூப்புக்குப் போகும், எல்லாரும் கையெடுத்துக் கும்பிடுற படம் போட்டு "அருமை" எண்டு அனுப்புவினம். பிழை சொல்லேல்ல, நானும் அப்பிடித்தான் மற்றவையின்ர பிடிஎப் வாசிக்கிறனான்.

உங்களிட்ட நான் வேற ஒண்டு கேக்கிறன். நீங்கள் படிச்ச பள்ளிக்கூடத்து நூலகத்துக்கும் ஊர் வாசிகசாலைக்கும் எண்டு அஞ்சு பிரதிக்கு ஒரு வருசச் சந்தாவை முதலே கட்டுங்கோ. துவங்கிற பிள்ளைக்கு முன்கூட்டி வாற காசுதான் பெரிய உதவி, இஞ்ச கிழவன் கிழவியளுக்கு வாசிக்க ஒண்டு கிடைக்கும், உங்களுக்குப் பிடிஎப் இலவசமா வரும். அம்மா அப்பாவின்ர நினைவு நாளுக்கு ஒரு பக்கம் எடுத்துப் படம் போடுறதும் அப்பிடித்தான், அது உங்களுக்கும் மனத்திருப்தி, சஞ்சிகைக்கும் ஒரு மாசத்துப் பேப்பர்.

கேள்வி: எல்லாத்துக்கும் பதில் சொல்லுறியள், நீங்கள் என்ன பெரிய மகுடியாரோ? (வாசகர், கொழும்புத்துறை)

பதில்: சிரித்திரன் எண்ட பகிடிச் சஞ்சிகையில கேள்வி பதில் பகுதியில வந்த மகுடியின்ர பதில் ரெண்டு வரியில முடியும், என்ர பதில் ரெண்டு பக்கத்துக்கு இழுபடுது. இதிலேயே விளங்கேல்லையோ?

கேள்வி: பிள்ளை, எனக்கு 78 வயது. என்னட்ட ஒரு தகரப்பெட்டி நிறையப் பழைய சஞ்சிகைகள் கிடக்கு, ஈழகேசரி கொஞ்சம், கலைச்செல்வி, மல்லிகை, பேர் மறந்த சின்னச் சின்ன இதழுகள். ரெண்டு இடப்பெயர்வுக்கும் காவிக்கொண்டு போய்த் திருப்பிக் கொண்டு வந்தனான். பிள்ளையள் வெளியில, இனி ஆர் பாக்கப் போகினம். பழைய பேப்பர்காரர் கிலோக் கணக்கில கேக்கிறார். (வாசகர், கரவெட்டி)

பதில்: ஐயா, குடுத்துப்போடாதேங்கோ, கைகூப்பிக் கேக்கிறன். நூலகம் எண்டு 2005ல துவங்கின ஒரு இணைய நூலகம் இருக்கு, எங்கட பழைய புத்தகம், சஞ்சிகை, பேப்பர் எல்லாம் ஸ்கான் பண்ணி ஆரும் வாசிக்கிற மாதிரிப் போட்டு வைச்சிருக்கினம். உங்கட பேரனிட்டச் சொல்லி அவையோட தொடர்பு எடுங்கோ. அந்தப் பேர் மறந்த சின்ன இதழுகளைத்தான் முதல்ல காட்டச் சொல்லுங்கோ, ஈழகேசரியும் மல்லிகையும் வேற ஆராவது வைச்சிருப்பினம், நாலு இதழோட நிண்டதுகளை ஆரும் வைச்சிருக்கிறேல்ல. 1981ல யாழ்ப்பாணம் நூலகம் எரிஞ்சாப் பிறகு ஒரு புத்தகம் ஒரு இடத்தில மட்டும் கிடக்கிறது எனக்கு எப்பவும் பயம்தான்.

அதுவரைக்கும் பெட்டியை நிலத்தில வையாதேங்கோ, நாலு கல்லு வைச்சு உயத்தி வையுங்கோ, கரையான் கீழ இருந்துதான் ஏறும். மாசம் ஒருக்கா வெயில் படாத காத்தில விரிச்சு வைச்சு எடுங்கோ.

கோண்டாவில் தங்கச்சி, இது உங்களுக்கும்தான், ஒவ்வொரு இதழிலயும் அஞ்சு பிரதியை எண்ணி எடுத்துப் பூட்டி வையுங்கோ, அண்ணா கேட்டாலும் குடுக்காதேங்கோ. என்ர நாலாவது இதழ் என்னட்டயே இல்லை. கரவெட்டி ஐயா, உங்கட பெட்டிக்குள்ள 2014ம் ஆண்டு வந்த, அட்டையில பனங்காய்ப் படம் போட்ட ஒரு மெல்லிய புத்தகம் கிடந்தா ஒருக்கா எழுதிப் போடுங்கோ, நான் வந்து வாங்கிறன்.